கல்யாணத்துக்கு முன் ஒரு கொப்பி தேட வேண்டும்



கற்பிட்டிப் பக்கமிருந்து ஒரு தாய் இந்தப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விடயத்தை மட்டும் சொல்கிறேன். அவருடைய மகளுக்கு 19 வயது. கல்யாணம் பேசி முடிந்திருக்கிறது. அந்தப் பகுதி மருத்துவமாது வீட்டுக்கு வந்தபோது, “மகளுக்கு ருபெல்லா ஊசி போட்டதா? கொப்பியைக் காட்டுங்கள்” என்று கேட்டிருக்கிறார். கொப்பி இல்லை. யுத்தம் முடிந்த பிறகு குடும்பம் மன்னாருக்குப் போய், அங்கே வீடும் தொழிலும் சரிவராமல் மறுபடி புத்தளத்துக்கே வந்தபோது எங்கோ தவறிவிட்டது.

அந்தத் தாய் மூன்று கேள்விகள் கேட்கிறார். ஒன்று: ருபெல்லா என்பது சாதாரணச் சின்னமுத்து மாதிரித்தானே, அதற்கு ஏன் இவ்வளவு கவலை? இரண்டு: அந்த நோய் நம் நாட்டில் இல்லை என்று ரேடியோவில் சொன்னார்களே, இல்லாத நோய்க்கு எதற்கு ஊசி? மூன்று: கல்யாணம் முடிக்காத பிள்ளைக்கு இந்த ஊசியைப் போட்டால் பிற்பாடு பிள்ளை உண்டாவதில் தடை வராதா?

மூன்றும் நியாயமான கேள்விகள். குடும்பநல உத்தியோகத்தராக இந்தக் கரையோரத்தில் நான் வேலை செய்த காலத்தில் பாலாவி, ஏத்தாளை, ஆலங்குடா, கண்டக்குழி என்று போன இடமெல்லாம் இவற்றைக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாய்க்குச் சிறிது, பிள்ளைக்குப் பெரிது

ருபெல்லாவுக்கு ஜெர்மன் சின்னமுத்து என்றும் பெயர் உண்டு. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் சின்னமுத்து வேறு, இது வேறு. இரண்டையும் உண்டாக்குவது வெவ்வேறு வைரசுக்கள். சின்னமுத்து வந்த பிள்ளை வாடிப் போகும். கண் சிவக்கும், மூக்கு ஒழுகும், காய்ச்சல் கடுமையாக இருக்கும். ருபெல்லா அப்படியல்ல. மெல்லிய காய்ச்சல், முகத்தில் தொடங்கி உடம்புக்கு இறங்கும் இளஞ்சிவப்புப் பொட்டுகள், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் சிறு நெறி. மூன்று நாளில் எல்லாம் மறைந்துவிடும். வளர்ந்த பெண்களுக்குச் சில நாள் மூட்டு நோவும் இருக்கலாம். தொற்றியவர்களில் பலருக்குப் பொட்டுகூட வராது. வந்தாலும் “வேர்க்குரு” என்றோ “மீன் ஒத்துக்கொள்ளவில்லை” என்றோ விட்டுவிடுவோம்.

இருமல், தும்மல் வழியாக இது பரவுகிறது. பொட்டு போடுவதற்கு ஒரு கிழமை முன்பிருந்தே மற்றவருக்குத் தொற்றக்கூடும். அதனால் நோயாளியைப் பார்த்து விலகி நடப்பது நடக்கிற காரியமல்ல.

கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இது தாய்க்குத் தொற்றினால்தான் ஆபத்து. வைரசு தாயின் இரத்தத்தால் கருவுக்குப் போகிறது. முதல் 12 வாரங்களில் கருவுக்குக் கண், காது, இருதயம், மூளை எல்லாம் உருவாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தாய்க்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூறு வரையில் பிள்ளை பாதிக்கப்படும். கரு கலையலாம், பிள்ளை இறந்து பிறக்கலாம். உயிரோடு பிறந்தால் கண்ணில் வெண்படலம், இருதயக் கோளாறு, சிறிய தலை, புத்தி வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருக்கலாம். எல்லாவற்றிலும் அதிகமாக வருவது செவிட்டுத் தன்மை. கர்ப்பத்தின் ஐந்து மாதம் தாண்டிய பிறகு தொற்றினால் இப்படி நடப்பது மிக அரிது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் முகாம் ஒன்றில் எனக்குத் தெரிந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய மகன் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாமல் பிறந்தான். நிறையும் சரி, பால் குடித்ததும் சரி. அவர்களுடைய கொட்டில் முகாம் பள்ளிவாசலை ஒட்டி இருந்தது. அதான் சொல்லும் ஒலிபெருக்கி கூரைக்கு நேர் மேலே. மற்றப் பிள்ளைகள் திடுக்கிட்டு அழ, இவன் நிம்மதியாகத் தூங்குவான். “எவ்வளவு அமைதியான பிள்ளை” என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்றரை வயதாகியும் “உம்மா” என்ற சொல் வராதபோதுதான் வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. கர்ப்பமாக இருந்தபோது பொட்டுக் காய்ச்சல் வந்ததா என்று டொக்டர் கேட்டார். அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. பிள்ளை தங்கி இரண்டு மாதமிருக்கும். கழுத்திலும் முகத்திலும் ஏதோ சிவந்தது. “ஒரு நாளும் பாயில படுக்கேல்லை மிஸ். வெங்காயம் நடத்தான் போனனான்” என்று என்னிடம் சொன்னார். அவ்வளவு சிறிய வருத்தம் அது. அவ்வளவு காலம் கழித்து இரத்தம் பார்த்து உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டொக்டர்.

அந்தப் பையனுக்கு இப்போது முப்பது வயது. வலை பொத்துவதில் கெட்டிக்காரன், கை பேசும். உம்மா மீது அவனுக்கு உயிர். ஆனால் அவனைப் பாடசாலையில் வைத்திருக்க அந்தத் தாய் பட்ட பாட்டையும், “நீ என்ன செய்தாய்” என்று உறவுகள் கேட்ட கேள்விகளையும் நான் அறிவேன். அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. அவர் சிறுமியாக இருந்த காலத்தில் இந்த நாட்டில் ருபெல்லா ஊசியே கொடுக்கப்படவில்லை.

இதை முதலில் கண்டுபிடித்த கதை

இந்தத் தொடர்பை உலகத்துக்குச் சொன்னவர் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் கண் வைத்தியராக இருந்த நோர்மன் கிரெக். 1941ஆம் ஆண்டு, கண்ணில் வெண்படலத்தோடு பிறந்த குழந்தைகள் வழமைக்கு மாறாகப் பலர் அவரிடம் வந்தார்கள். காத்திருந்த தாய்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டதில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஜெர்மன் சின்னமுத்து வந்தது என்ற செய்தி அவர் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். அவர் ஒவ்வொரு தாயாக விசாரித்தார். 78 குழந்தைகளின் விபரத்தைத் திரட்டினார். ஏறக்குறைய எல்லாத் தாய்மாருக்கும் அதே கதை.

1940இல் அங்கே அந்த நோய் அப்படிப் பரவியதற்கு ஒரு காரணம் இரண்டாம் உலக யுத்தம். இளைஞர்களை ஆயிரக்கணக்கில் இராணுவ முகாம்களில் நெருக்கி வைத்திருந்தார்கள். முகாமில் தொற்றியது விடுமுறையில் வீட்டுக்கு வந்தது. முகாம் வாழ்க்கை என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் இந்த மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியவர்கள் எத்தனை பேர். கிடுகுக் கொட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரு கிணற்றில் நூறு குடும்பம் தண்ணீர் அள்ளியது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். காற்றால் பரவும் எந்த நோய்க்கும் அதைவிட வசதியான இடம் கிடையாது.

1994, 1995 ஆண்டுகளில் இலங்கை முழுவதும் ருபெல்லா பரவியது. அதன் பின்னால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பிறவிக் குறைகளோடு பிறந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் 1996இல் அரசாங்கம் ருபெல்லா ஊசியைத் தொடங்கியது.

ஏன் பெண்பிள்ளைகளைத் தேடினார்கள்?

1996இல் இந்த ஊசி கைக்குழந்தைகளுக்குத் தொடங்கவில்லை. 11 வயதுக்கு மேற்பட்ட மாணவிகளுக்கும் 44 வயது வரையான பெண்களுக்கும்தான் தொடங்கியது. “ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு இல்லாத ஊசி எங்கள் மகளுக்கு ஏன்?” என்று அப்போது பல வாப்பாமார் சந்தேகப்பட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது.

ஊசி இல்லாத காலத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே ருபெல்லா வந்து போய்விடும். ஒரு முறை வந்தால் உடம்பு அதை மறக்காது. அப்படிப்பட்ட பெண் கர்ப்பமானாலும் பயமில்லை. ஆனால் எந்த ஊரிலும் நோய் எல்லோரையும் தொடுவதில்லை. சிறுமியாக இருந்தபோது தப்பியவர்கள் எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பெரியவர்களாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் பார்த்தபோது, பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவர் முதல் நாலில் ஒருவர் வரை அப்படி இருந்தார்கள். தமக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்கே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லி வந்த கணக்கின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 1 இலட்சம் பிள்ளைகள் ருபெல்லாவின் பாதிப்போடு பிறந்தார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஊசி போய்ச் சேராத நாடுகளின் பிள்ளைகள்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. குழந்தைகளில் பாதிப் பேருக்கு மட்டும் ஊசி போட்டு மற்றவர்களை விட்டுவிட்டால் என்ன ஆகும்? ஊரில் நோய் குறையும். ஊசி போடாத பிள்ளைக்குச் சின்ன வயதில் நோய் தொற்றும் வாய்ப்பும் குறையும். அவள் ஊசியும் இல்லாமல், நோயும் வராமல் வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்து நிற்பாள். பிறகு ஒரு நாள் நோய் திரும்பி வரும்போது நேராக அவளுடைய கர்ப்ப காலத்தில் வந்து விழும். கிரேக்க நாட்டில் இதுவே நடந்தது. 1975 முதல் அங்கே குழந்தைகளுக்கு ஊசி இருந்தது, ஆனால் போதிய அளவு பிள்ளைகளைச் சென்றடையவில்லை. இளம் பெண்களையும் யாரும் தேடிப் போகவில்லை. 1993இல் நோய் பரவியபோது பெருமளவில் தொற்றியது இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும். அந்த ஆண்டு அந்தச் சிறிய நாட்டில் 25 பிள்ளைகள் ருபெல்லா பாதிப்போடு பிறந்தார்கள்.

அதனால்தான் நம் நாட்டில் முதலில் பாடசாலை மாணவிகளையும் பெண்களையும் பாதுகாத்தார்கள். பிறகு 2001இல் ஆண், பெண் இரு பாலாருக்கும் 3 வயதில் சின்னமுத்தும் ருபெல்லாவும் சேர்ந்த ஊசி வந்தது. 2011இல் அதோடு கூவைக்கட்டுக்குரிய மருந்தும் சேர்ந்து எம்.எம்.ஆர். ஆனது. இப்போது 9 மாதத்தில் ஒன்றும் 3 வயதில் ஒன்றுமாகக் கொடுக்கிறார்கள். எல்லாம் இலவசம்.

இல்லாத நோய்க்கு ஊசி எதற்கு?

இனி அந்தத் தாயின் இரண்டாவது கேள்வி. ரேடியோவில் சொன்னது உண்மை. 2020 ஜூலை மாதத்தில் இலங்கையும் மாலைதீவும் சின்னமுத்தையும் ருபெல்லாவையும் ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் இரண்டையும் முதலில் ஒழித்தவை இந்த இரண்டு நாடுகள்தான். தலையில் ஐஸ் பெட்டியோடு வள்ளத்தில் ஏறித் தீவுகளுக்குப் போன மருத்துவமாதுகள் உட்பட எத்தனையோ பேருடைய உழைப்பு அது.

ஆனால் ஒழித்தது என்றால் நாட்டுக்குள் நோய் தொடர்ந்து சுற்றிக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம். வாசலைப் பூட்டிவிட்டோம் என்று அர்த்தமில்லை. சின்னமுத்தும் அதே அறிவிப்பில்தான் இருந்தது. இருந்தும் 2023இல் அது நாட்டில் மறுபடி தலைகாட்டியது. விடுபட்ட பிள்ளைகளைத் தேடி மறுபடி ஊசி போட வேண்டி வந்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். நோய் சுற்றாத நாட்டில் ஊசி போடாத ஒரு பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி வேறெந்த வழியாலும் வரப் போவதில்லை. என் உம்மாவின் காலத்தில் நோயே வந்து அந்த வேலையைச் செய்தது. இன்று ஊசி ஒன்றுதான் வழி. ஆகவே உங்கள் மகளின் கொப்பியில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் அது வெறுமையாகவேதான் இருக்கும்.

நம் பிள்ளைகள் இந்த நாட்டுக்குள் மட்டும் இருப்பவர்களும் அல்லர். நம் வீடுகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள், வருகிறார்கள். இந்தியாவுக்கு யாத்திரை போகிறார்கள், மருந்துக்குப் போகிறார்கள். உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் போய் உலகத்து மக்கள் எல்லோரோடும் தோளோடு தோள் நின்று வருகிறார்கள். அங்கெல்லாம் இந்த நோய் ஒழிந்துவிட்டது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

யாருடைய கொப்பியில் வெற்றிடம் இருக்கலாம்?

என் அனுபவத்தில் நான் முதலில் தேடுபவர்கள் இவர்கள்.

ஒன்று, பாடசாலையை இடையில் விட்ட பெண்கள். இன்று முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்களுக்குப் பாடசாலையில்தான் இந்த ஊசி கிடைத்தது. முகாமில் தம்பி தங்கையைப் பார்க்கவோ, வெங்காயத் தோட்டத்துக்கும் கருவாட்டு வாடிக்கும் போகவோ ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளைகளுக்கு அது கிடைத்திருக்காது. பதினைந்து, பதினாறில் கல்யாணம் முடித்தவர்களும் அப்படித்தான். நாற்பத்து நாலு வயதுக்குள் இருந்து, இன்னும் பிள்ளை பெறும் எண்ணமிருந்தால் அவர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு, யுத்தம் நடந்த இடங்களில் சிறு வயதைக் கழித்தவர்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் எந்த ஊசி போட்டது, எது விடுபட்டது என்று தாய்க்கும் ஞாபகமிருக்காது.

மூன்று, தமிழ்நாட்டின் அகதி முகாம்களில் பிறந்தோ வளர்ந்தோ திரும்பி வந்த பிள்ளைகள். இந்தியாவின் நாடளாவிய தடுப்பூசித் திட்டத்தில் ருபெல்லா சேர்ந்தது 2017இல்தான். அந்த ஆண்டு பெப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில இடங்களில் 9 மாதம் முதல் 15 வயது வரையான பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கினார்கள். அதற்கு முன் வந்துவிட்ட பெண்பிள்ளைகளிடம் “எல்லா ஊசியும் போட்டாச்சு” என்று எழுதிய அட்டை இருந்தாலும் அதில் ருபெல்லா இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள்.

நாலு, கடிதம் எழுதிய தாயின் மகளைப் போல, போட்டிருக்கக்கூடும் ஆனால் கொப்பி இல்லாதவர்கள்.

கொப்பி இல்லாவிட்டால் செய்வது இதுதான். முதலில் பிள்ளை சிறு வயதில் இருந்த பகுதியின் மருத்துவமாதுவிடமோ சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்திலோ கேளுங்கள். பழைய பதிவு இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் அலைய வேண்டாம். பதிவு இல்லை என்றால் ஊசி போடவில்லை என்று எடுத்துக்கொண்டு ஒன்றைப் போட்டுவிடுவதே வழமை. முன்பு போட்டிருந்தாலும் இன்னொரு முறை போடுவதால் கெடுதல் இல்லை. எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று இரத்தம் பார்க்கும் சோதனையும் உண்டு. ஆனால் அதற்குக் காசு செலவழித்து ஓட வேண்டியதில்லை.

பிள்ளை உண்டாகாமல் போகுமா?

மூன்றாவது கேள்விக்கு நேரடியான பதில்: போகாது. இந்த ஊசிக்கும் மலட்டுத் தன்மைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உலகில் 1969இலிருந்து ருபெல்லா ஊசி கொடுக்கப்பட்டு வருகிறது. அன்று ஊசி போட்ட சிறுமிகள் இன்று பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். ஊசி போட்டதன் நோக்கமே அவர்கள் பெறும் பிள்ளைகள் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான்.

ஆனால் இந்த வதந்திக்கு ஒரு வேர் இருக்கிறது. “ஊசி போட்டால் ஒரு மாதத்துக்குப் பிள்ளை தங்கக் கூடாது” என்று கிளினிக்கில் சொல்வார்கள். அது வாய்க்கு வாய் மாறி “பிள்ளை தங்காது” என்று ஆகிவிடுகிறது. இந்த ஊசியில் இருப்பது பலவீனப்படுத்திய உயிர்வைரசு. முன்னெச்சரிக்கையாகவே கர்ப்பிணிகளுக்கு இதைப் போடுவதில்லை. போட்டு ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். தெரியாமல் கர்ப்ப காலத்தில் போட்டுவிட்ட பெண்கள் பலரை உலகில் பல இடங்களில் கவனித்துப் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஒரு பிள்ளைக்கும் ருபெல்லாவின் பிறவிக் குறை வந்ததாகக் காணவில்லை. ஆகவே அப்படி நடந்துவிட்டால் பயந்து கருவைக் கலைக்க ஓட வேண்டாம். கிளினிக்கில் சொல்லுங்கள்.

இதனால்தான் கல்யாணத்துக்கு முன்பே போட்டுவிட வேண்டும் என்கிறோம். கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளை தங்கிவிட்டால் பத்து மாதமும் ஊசி போட முடியாது, ஆபத்தான காலத்தைப் பாதுகாப்பில்லாமலே கடக்க வேண்டும்.

பக்கவிளைவு பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிலருக்கு இலேசான காய்ச்சல், சில பொட்டுகள், வளர்ந்த பெண்களுக்குச் சில நாள் மூட்டு நோவு வரலாம். தானாகப் போய்விடும். 2009 ஜனவரியில் மாத்தறையில் ருபெல்லா ஊசி போட்ட ஒரு பாடசாலை மாணவி உயிரிழந்த செய்தி உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். அதற்குப் பிறகு எத்தனையோ தாய்மார் ஊசி நாளில் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். எந்தத் தடுப்பூசிக்கும் கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிதாக, பத்து இலட்சத்தில் ஒருவர் என்ற அளவில் வரக்கூடும். வந்தால் உடனே, பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள் வரும். உடனே மருந்து கொடுத்தால் காப்பாற்றலாம். அதனால்தான் ஊசி போட்ட பிறகு இருபது நிமிடமாவது கிளினிக்கில் உட்காரச் சொல்கிறார்கள். அந்த இருபது நிமிடத்தை விட்டுவிட்டு பஸ் பிடிக்க ஓடாதீர்கள். முன்பு ஏதாவது மருந்துக்கோ ஊசிக்கோ உடம்பு தடித்து மூச்சு முட்டியிருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்.

முஸ்லிம் சகோதரிகள் சிலர் ஹராம், ஹலால் பற்றிக் கேட்கிறார்கள். இந்தோனேசியாவிலும் இதே கேள்வி எழுந்தது. 2018 ஓகஸ்டில் அந்நாட்டு உலமா சபை, அங்கே கொடுக்கப்பட்ட ஊசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லியே, வேறு ஊசி இல்லாத நிலையில் தேவை கருதி அதைப் போடலாம் என்று தீர்ப்புக் கொடுத்தது. ஊசிக்கு ஊசி தயாரிப்பு வேறுபடும். உங்களுக்கு மனதில் உறுத்தல் இருந்தால் நீங்கள் நம்பும் ஆலிமிடமும் டொக்டரிடமும் கேட்டுத் தெளிவாகுங்கள். கேட்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதுதான் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

* மகளின் பிள்ளைச் சுகாதாரக் கொப்பியை எடுத்துப் பாருங்கள். 2011க்குப் பின் என்றால் எம்.எம்.ஆர்., அதற்கு முன் என்றால் 3 வயதில் எம்.ஆர். என்று எழுதித் திகதி போட்டிருக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போகும் தாய்மார் கொப்பியை யாரிடம் கொடுத்துப் போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள்.

* திகதி இல்லை என்றால் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லி அடுத்த கிளினிக் நாளைக் கேளுங்கள். மகள் கூச்சப்பட்டால் நீங்களும் கூடப் போங்கள். “கல்யாணம் முடிக்காத பிள்ளை கிளினிக்குக்கு ஏன் போகிறாள்” என்று யாரும் கேட்டால், பிள்ளைக்கு ஊசி என்று சத்தமாகவே சொல்லுங்கள்.

* ஊசி போட்டதும் ஒரு மாதம் கணக்கு வையுங்கள். கல்யாண நாள் நெருங்கியிருந்தால் அதையும் மருத்துவமாதுவிடம் சொல்லுங்கள்.

* இப்போது கர்ப்பமாக இருந்து, ஊசி போடவில்லை என்று தெரிந்தால் பதற வேண்டாம். பிள்ளை பிறந்த பிறகு போட்டுக்கொள்ளலாம். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அடுத்த பிள்ளைக்கு அது பாதுகாப்பு.

* கர்ப்ப காலத்தில் உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ காய்ச்சலோடு சிவப்புப் பொட்டு வந்தால், அம்மாள் வருத்தம் என்றோ வேர்க்குரு என்றோ விட்டுவிட வேண்டாம். அன்றே மருத்துவமாதுவுக்கு அறிவியுங்கள். மற்றக் கர்ப்பிணிகளோடு வரிசையில் போய் உட்காருவதற்கு முன் வாசலிலேயே சொல்லுங்கள். இரத்தம் பார்க்க வழி செய்வார்கள்.

* கைக்குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை, கண்மணியில் வெள்ளையாகத் தெரிகிறது என்றால் “போகப் போகச் சரியாகும்” என்று காத்திருக்காதீர்கள். கண்ணோ காதோ, சீக்கிரம் கண்டால் செய்யக்கூடியது அதிகம்.

கடைசியாக, கடிதம் எழுதிய தாய்க்கு ஒரு வார்த்தை. கொப்பி தொலைந்தது உங்கள் கவலையீனத்தால் அல்ல. இரண்டு முறை வீடு மாறியவர்களிடம் காகிதம் நிற்காது. உறுதிப் பத்திரத்தையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் தொலைத்துவிட்டு எத்தனை காரியாலயங்களின் படி ஏறினோம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை மறுபடி எடுக்க வருடங்கள் போயின. இந்த ஒன்றுக்கு அவ்வளவு பாடு இல்லை. ஒரு காலை நேரம் கிளினிக்குக்குப் போனால் முடிந்துவிடும். மகளின் பெயரில் ஒரு புதிய அட்டையில் திகதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். கல்யாணப் பெட்டியில் உடுப்பு வைக்கும்போது அந்த அட்டையையும் அதில் வைத்து அனுப்புங்கள். போகிற இடத்து மருத்துவமாது முதலில் கேட்கப் போவது அதைத்தான்.